தம்பியின் காதுக்கு விட்ட எண்ணெய்

என் வயதுக்காரர்களே, நீங்கள் எத்தனையாவது மாதத்தில் குப்புற விழுந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. என்னைப் பெற்றவளுக்கும் தெரியாது. கேட்டால், அன்றைக்கு மல்லி லோடு இறங்கிக்கொண்டிருந்தது என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவு. இப்போது பிள்ளை பெற்றவர்கள் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துவைக்கிறார்கள். தலை நின்ற நாள், முகம் பார்த்துச் சிரித்த நாள், பொம்மையைக் கைமாற்றிப் பிடித்த நாள். அதைப் பார்த்து நாம் கேலி செய்கிறோம். நாமெல்லாம் வளரவில்லையா என்கிறோம். நானும் போன மாதம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் தம்பி மகளுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தூங்குகிற பிள்ளையின் காதில் மெத்தென்ற முனை ஒன்றைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. காது கேட்கிறது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். என் தம்பி அந்தப் பெட்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இப்போது அறுபத்துநாலு நடக்கிறது. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. அது எங்கள் வீட்டுக்குத் தெரியவர ஏழு வருஷம் ஆயிற்று. எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் மலையாள ஊரில் குடியேறிய தமிழர்கள். அப்பாவுக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். கீழே கடையும் சரக்கு வைக்கிற கிட்டங்கியும், மேலே வீடு. மேல்தளம் முழுக்கப் பலகை. கீழே மூட்டையைப் பொத்தென்று போட்டால் மேலே அடுக்களையில் தட்டு அதிரும். மிளகாய் லோடு வந்த நாளில் வீடு பூராவும் தும்மிக்கொண்டிருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிடுவார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அந்தப் பலகைத் தளத்தைத்தான் இந்தக் கதையில் முதலில் குற்றம் சொல்லவேண்டும். பிறகு எங்களை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலாவது நடந்துகொண்டிருந்தது. நாலு பெண்களுக்குப் பிறகு, இரண்டைப் பறிகொடுத்து, அப்பா தவம் கிடந்து பெற்ற பிள்ளை. மூத்த அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் அவனும்தான்.

அவன் எல்லாவற்றையும் காலத்தில் செய்தான். கழுத்து நின்றது, தவழ்ந்தான், பதினோராம் மாதம் நடந்தான். அவனுக்கு ஒரு நடைவண்டி இருந்தது. மூன்று சக்கரம், பச்சையும் சிவப்பும் பூசியது. உருட்டினால் ஒரு கட்டை டக்டக்கென்று அடிக்கும். அவன் அதை உருட்டுவதைவிட, அதன் பிடியில் பல்லைப் பதித்துக்கொண்டு நிற்பான். நான் உருட்டவேண்டும். கட்டை அடிக்க அடிக்க அவன் கண்ணை மூடிக்கொள்வான். பல் முளைக்கிற தினவு என்றாள் அம்மா. பல்லெல்லாம் முளைத்த பிறகும் அதையேதான் செய்தான். அந்த நடைவண்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிடியில் அவன் பல் தடம் வரிசையாக இருக்கும்.

எட்டு மாதத்தில் 'ப்பா, ப்பா' என்றான். அப்பா கடையில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். சில மாதத்தில் அது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு சத்தம் உண்டு, சொல் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அப்பாவே நாலு வயசில்தான் வாயைத் திறந்தார் என்று யாரோ சொல்ல, அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சைவிட அவன் குணம்தான் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு சேரமாட்டான், சேர்ந்தால் கடிப்பான். பின்னாலிருந்து யாராவது தொட்டால் வீல் என்று கத்துவான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒரு நாள் படிக்கட்டு விளிம்பில் நின்றவனை அப்பா மூன்று தரம் கூப்பிட்டார். அவன் பாட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா போய் இழுத்துவந்து முதுகில் வைத்தார். எதற்கு அடி என்று தெரியாமல் அவன் அப்பாவின் வாயையே பார்த்தான். கொழுப்பு என்றார் அப்பா.

அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா இருந்தாள். பொன்முடி மலை அடிவாரத்தில் கல்லாறு அவள் ஊர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை முண்டும் ரவுக்கையும், தோளில் ஒரு தோர்த்துத் துண்டு. காது இரண்டும் வடித்து வளர்த்த காது. அதில் கிடந்த பொன்னெல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. வெறும் மடல் தோள்வரை வளையமாகத் தொங்கும். தம்பி அவள் தோளில் சாய்ந்து அந்த வளையத்துக்குள் விரலை விட்டுக்கொண்டால்தான் தூங்குவான். வேறு யாரும் அதைத் தொட அவள் விடமாட்டாள். நான் ஒரு தரம் இழுத்துப் பார்த்துக் கையில் அடி வாங்கியிருக்கிறேன்.

அவளுக்குத் தமிழ் வராது. எங்களோடு மலையாளத்தில்தான் பேசுவாள். தம்பியோடு பேசுவதென்றால் அவன் முன்னால் போய்க் குந்தி, முகத்துக்கு நேராகப் பேசுவாள். சோற்றுக்கு ஒரு கை, தண்ணீருக்கு ஒரு கை, அப்பா கோபமாக இருக்கிறார் என்பதற்குப் புருவத்தை இழுத்து ஒரு முகம். அவன் தூரத்தில் இருந்தால் கூப்பிடவே மாட்டாள். குதிகாலால் பலகையில் ஒரு தட்டு தட்டுவாள். அவன் திரும்பி ஓடிவருவான். நானும் அதையெல்லாம் கற்றுக்கொண்டேன். எங்கள் மூன்று பேருக்கும் அது விளையாட்டு என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் எங்கள் சாலைக் கடைவீதியில் அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் பக்கத்தில். பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்தான் பாருங்கள், நான் துள்ளிச் சாக்குமேல் விழுந்தேன். தம்பி விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் காதுமடலை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்த விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆயம்மா என்னைப் பார்த்தாள். "கண்டோ?" என்றாள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று தலையாட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் மூட்டை சுமக்கிற ஒருவன் இருந்தான். காதும் கேட்காது, பேச்சும் வராது. பொட்டன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவனுக்குக் கேட்கவா போகிறது என்று. பையன்கள் பின்னால் போய் அவன் முதுகில் தேங்காய் மட்டையை எறிவார்கள். அவன் திரும்புவதற்குள் ஒளிந்துகொள்வார்கள். நானும் ஒரு தரம் எறிந்திருக்கிறேன். அந்த இடத்தில் தம்பியை வைத்துப் பார்த்தேன். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் புத்தி அவ்வளவுதான்.

அந்த வருஷம் சித்திரை விடுமுறைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலேயே அதிகம் படித்தவர். அவர் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். இரண்டு நாள் தம்பியைக் கவனித்துவிட்டு, முதலில் காதைப் பார்த்துவிடுவோம் என்றார். நியாயமான யோசனைதான். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

தம்பி தரையில் உட்கார்ந்து கொட்டாங்கச்சி அடுக்கிக்கொண்டிருந்தான். மாமா பின்னால் போய், கடையிலிருந்து கொண்டுவந்த இரும்புப் படியை நழுவவிட்டார். அது பலகையில் விழுந்தது. தம்பி சட்டென்று திரும்பினான். மறுபடி போட்டார், மறுபடி திரும்பினான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதம் கழித்து அவர் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் மாமா அந்தத் தீர்ப்பைச் சொன்னார். "காதுல ஒரு கோளாறும் இல்ல அத்தான். நீங்க தமிழ் பேசுதீங்க, ஆயம்மா நாள் பூரா மலையாளம் பேசுதா. ரெண்டும் மாறி மாறி விழுந்தா பிள்ளை எதைப் பிடிக்கும்? ஒரு பாஷையில நிறுத்துங்க, ஆறே மாசத்துல பேசுவான்."

அடுக்களை வாசலில் நின்ற ஆயம்மா உள்ளே வந்தாள். ஆண்கள் பேசுகிற இடத்துக்கு அவள் வருவதே கிடையாது. "கொச்சினு செவி கேக்கூல, சாரே," என்றாள். பிள்ளைக்குக் காது கேட்காது. அது தரை அதிர்ந்து திரும்பியது என்று சொல்லி, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இப்போது அடித்துப் பாருங்கள் என்றாள்.

மாமா அம்மாவிடம் தாம்பாளமும் கரண்டியும் வாங்கினார். பின்னால் நின்று ஓங்கி ஒரு அடி அடித்தார். எனக்குப் பல் கூசியது. தம்பி ஜன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

காக்கைமேல் கவனம், அதனால்தான் திரும்பவில்லை, இன்னொரு தரம் பார்ப்போம் என்று மாமா கரண்டியை ஓங்கினார். நான் ஆயம்மாவின் பின்பக்கமாக ஒட்டி நின்றேன். தம்பியின் கால் என் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்டி தாம்பாளத்தில் பட்ட நேரத்துக்கு அவன் உள்ளங்காலில் நறுக்கென்று கிள்ளினேன். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"பாத்தீங்களா," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆயம்மா மட்டும் அவனை இறக்கிவிட்டு அவன் காலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என் நகத்தடம் அதில் இருந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லிவிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அப்பா அவளுக்கு ஒரு முண்டும் மாசச் சம்பளமும் கொடுத்து அனுப்பினார். மரியாதையாகத்தான் அனுப்பினார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தால் அழுவான் என்று அந்த நேரமாகப் பார்த்துத்தான் கிளப்பினார்கள். படிக்கட்டில் நான் நின்றேன். அவள் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மோளு நுள்ளியது ஞான் கண்டு. ஆரோடும் பறயூல." நான் கிள்ளியதைப் பார்த்தாளாம், யாரிடமும் சொல்லமாட்டாளாம். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் இது உறுத்தியிருக்காது.

அன்றிலிருந்து மேலே வீட்டில் தமிழ் மட்டும்தான். கடையில் பகல் பூராவும் மலையாளம் பேசுகிற அப்பா, படியேறும்போதே வாயை மாற்றிக்கொள்வார். வேலைக்காரர்கள் மேலே வந்தால் கைகாட்டிப் பேசவேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் என் மலையாளப் பாடத்தைக் கிட்டங்கியில் மூட்டைக்கு நடுவே போய்ப் படிக்கச் சொன்னார்கள். மிளகாய் நெடியில் தும்மித் தும்மிச் செய்யுள் மனப்பாடம் செய்தேன். ஒரு சத்தமும் எட்டாத பிள்ளைக்காக ஒரு வீடே அப்படிப் பேச்சைச் சுத்தம் செய்துகொண்டது.

ஆயம்மா போன மறுநாள் தம்பி வீடு முழுக்கத் தேடினான். கதவுக்குப் பின்னால், பாய்ச் சுருளுக்குள், கிட்டங்கியில். பிறகு தேடுவதை விட்டான். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் புதுசாக ஒன்று ஆரம்பித்தான். வலது காதுமடலைப் பிடித்துக் கீழே இழுப்பான். இழுத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்ப்பான். அப்புறம் அப்பா முகத்தை, என் முகத்தை. நாங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இன்னும் பலமாக இழுத்து அழுவான். மடல் சிவந்து கன்றிப்போயிற்று.

மழைக்காற்று, காதுவலி என்றாள் அம்மா. நல்லெண்ணெயில் வெள்ளைப்பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு வேளையும் காதில் விட்டார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொள்வார், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். அவன் திமிறுவான். எண்ணெய் வழிந்து கழுத்தெல்லாம் ஓடும். பூண்டு மணமும் ஈரப் பாய் மணமும் மிளகாய் மணமும் கலந்து அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் நின்றது. இரண்டு வாரத்தில் அவன் காதை இழுப்பதை நிறுத்தினான். எண்ணெய்தான் குணப்படுத்தியது என்று அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதற்குப் பிறகு அவன் யார் முகத்தையும் அப்படிப் பார்க்கவில்லை. சமர்த்தாகிவிட்டான் என்றார்கள்.

மாமா சொன்ன ஆறு மாதம் போயிற்று, இன்னும் மூன்று வருஷம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்க மாட்டோம் என்றபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அதிர்கிற எதையும் தொடவிடாமல் அவனை உட்காரவைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, சின்ன வயசிலேயே கொண்டுவந்திருக்கவேண்டும், மொழி பிடிக்கிற வயசு அதுதான், இப்போது பாதி கடந்துவிட்டது என்றார். ஒருவரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவனைக் காது கேளாதோர் பள்ளியில் விட்டார்கள். அங்கேயே தங்கிப் படித்தான். முன்னாலேயே வந்திருந்த பிள்ளைகள் கையால் கதை சொல்லிக்கொள்ளும்போது, இவன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்று அங்கே ஒரு டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மெதுவாகப் பிடித்துக்கொண்டான். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தான். தன்னைப் போன்ற ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், அப்பாவின் கைமொழியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத்தான் அது வரவில்லை. எனக்கும் அவனுக்கும் இன்றுவரை ஆயம்மா கற்றுக்கொடுத்த அந்த முப்பது நாற்பது சைகைதான். சோறு, தண்ணீர், வா, மழை, அப்பா கோபம். அப்பா போய் முப்பது வருஷம் ஆனாலும் அந்த முகம் எங்களிடம் இருக்கிறது. 'எனக்கு அப்போதே தெரியும்' என்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. அதைச் சாக்காக வைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

பச்சை விளக்கு எரிந்த அன்று அதற்குமேல் மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. தம்பி மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள். தம்பி கட்டில் பக்கத்தில் நின்றான். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஹாரன், தாம்பாளம், கிள்ளியது. இதை உன் அப்பாவிடம் சொல்லு, என் வாயால் சொல்ல வழியில்லை என்றேன். "இத்தன வருஷம் சொல்லாம இருந்திட்டு, இன்னைக்குத்தான் சொல்லணுமா அத்தை?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. பிறகு பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் சொல்லத் தொடங்கினாள்.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கடைசிவரை பார்த்தான். மகளின் கை நின்றதும் என் பக்கம் திரும்பினான். வலது காதுமடலைப் பிடித்துக் கீழே இழுத்தான். இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்தான்.

மகளுக்கு அது புரியவில்லை. அவர்கள் கைமொழியில் அப்படி ஒன்று இல்லையாம். "என்னத்துக்குக் காதைப் பிடிச்சு இழுக்கறாங்க?" என்று என்னைக் கேட்டாள். "அப்பாக்குக் காது வலிக்குதா அத்தை?"

வலிக்கவில்லை என்று சொன்னேன். அது ஓர் ஆள், அந்த நீளக் காது ஆயம்மா என்றேன். எங்கே போனாள் என்று கேட்கிறான். தன் ஊருக்கே, கல்லாறுக்குப் போனாள் என்று சொல்லு. இப்போது இருக்கமாட்டாள் என்றும் சொல்லிவிடு.

அவள் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லாவது பேசமாட்டானா என்று நாங்கள் காத்துக்கிடந்த அந்த மழைக்காலத்தில், அவன் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். இரண்டு வாரம் விடாமல் கேட்டிருக்கிறான். நாங்கள் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு எண்ணெய் விட்டோம்.